தொங்கும் அடையை எங்கே கட்டுவது? ஆங்கில வாக்கியத்தைத் திருத்தும் வழிகளில் எது எப்போது

மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் சரக்கு ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலை நேரத்தில் இன்சூரன்ஸ் படிவத்தோடு வந்தார். கோரிப்பாளையம் அருகே ஒரு லாரி அவருடைய வண்டியின் பக்கவாட்டில் மோதிவிட்டது. நடந்ததைக் கல்லூரியில் படிக்கும் மகன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். "டீச்சர், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்றார். முதல் வரி இப்படி இருந்தது: "கமிங் ஃபாஸ்ட் ஃப்ரம் மாட்டுத்தாவணி, ஐ சா தி லாரி."

பையன் மனத்தில் இருந்த தமிழ் வாக்கியம் சரியானது. மாட்டுத்தாவணியிலிருந்து வேகமாக வந்த லாரியைப் பார்த்தேன் என்பதைத்தான் அவன் எழுத நினைத்தான். ஆனால் தாளில் இருந்த ஆங்கிலத்தின்படி வேகமாக வந்தது லாரி அல்ல, அவனுடைய அப்பா. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. காலமும் சரி, வினையும் சரி. அந்த வரியின் கீழே அவர் கையெழுத்துப் போட்டிருந்தால், வேகமாக வந்தவன் நான்தான் என்று தானே எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும்.

மாலை நேரங்களில் நான் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். விண்ணப்பம், புகார்க் கடிதம், ஆய்வேடு என்று என் மேசைக்கு வரும் தாள்களில் 18 ஆண்டுகளாக அதிகம் பார்ப்பது இந்தப் பிழையைத்தான். கணினியும் கைபேசியும் இதற்குப் பல நேரங்களில் கோடு போட்டுக் காட்டுவதில்லை. வாக்கியத்தின் உருவம் பழுதில்லாமல் இருக்கிறது, பொருள் மட்டும் இன்னொருவர் தலையில் போய் விழுகிறது. பிழை என்று தெரிந்த பிறகும் எப்படித் திருத்துவது என்பதில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வழி ஒன்று இல்லை, நான்கைந்து இருக்கின்றன. எல்லாம் இலக்கணப்படி சரி. எல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. அந்தத் தேர்வைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல்லை விவரிக்க அதனோடு சேர்க்கும் சொல்லையோ தொடரையோ அடை என்கிறோம். முதலில் பிழையில் இருக்கும் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று இடம் மாறிய அடை. ஆங்கிலத்தில் மிஸ்பிளேஸ்டு மாடிஃபையர் என்பார்கள். அடைக்கு உரிய சொல் வாக்கியத்திலேயே இருக்கிறது, அடை மட்டும் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. லாரி வாக்கியம் இந்த வகை. மற்றொன்று தொங்கும் அடை, டேங்ளிங் மாடிஃபையர். இதில் அடைக்கு உரியவர் வாக்கியத்தில் இல்லவே இல்லை, அல்லது இருந்தாலும் அடையைத் தாங்கும் இடத்தில் இல்லை. முதல் வகைக்கு நகர்த்தினால் போதும். இரண்டாவது வகையை எங்கே நகர்த்தினாலும் அது தொங்கிக்கொண்டேதான் இருக்கும். பிள்ளைகள் பாதி நேரத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான்: நகர்த்தித் தீராத நோய்க்கு நகர்த்தல் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பிழை நமக்கு ஏன் இவ்வளவு எளிதாக வருகிறது? ஆங்கிலம் தெரியாததால் என்று சொல்லிவிட்டுப் போவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். தமிழை நன்றாக அறிந்த பிள்ளைதான் இந்தப் பிழையைச் செய்கிறது. தமிழில் 'வேகமாக வந்த' என்னும் பெயரெச்சம் தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். 'வந்த லாரி' என்று ஒட்டிக்கொண்டு நிற்பதால் குழப்பம் இல்லை. அதே வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கினால் அடை வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் தலையில் நிற்கும் எச்சத்தொடர், அதாவது 'கமிங்' போல முற்றுப்பெறாத வினையில் தொடங்கும் தொடர், காற்புள்ளியைத் தாண்டியதும் எதிரே வரும் எழுவாயைப் பிடித்துக்கொள்ளும். எதிரே வந்தது 'ஐ'.

இன்னொரு காரணம் நம்முடைய வினைமுற்று. 'வந்தேன்' என்றாலே வந்தது நான் என்று தெரிந்துவிடுகிறது. 'நான்' என்ற சொல்லை விட்டுவிட்டு ஒரு பக்கம் முழுக்க எழுதலாம். அப்படி எழுதுவதுதான் அடக்கமாகவும் இருக்கும். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. 'நான்' போனால் ஆளே போய்விடுகிறார். கடிதத்தில் நிறைய 'ஐ' வந்தால் தற்பெருமை போலத் தோன்றுகிறது என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை என்னிடம் சொல்கிறது. அந்தக் கூச்சம் நல்ல வளர்ப்பிலிருந்து வருவது. ஆனால் அந்த ஒரு 'ஐ' இல்லாமல்தான் அடை அந்தரத்தில் தொங்குகிறது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் ஆழமானது, 'எனக்கு'. 'வெயிலில் நடந்து எனக்குத் தலை வலித்தது' என்று நாம் கூசாமல் சொல்கிறோம். நடந்தது நான், வலித்தது தலை. 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமை 'நடந்து' என்னும் எச்சத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபார் மீ' என்பதற்கு அந்தத் தோள் பலம் கிடையாது. "வாக்கிங் இன் தி சன், மை ஹெட் ஏக்ட்" என்று எழுதினால் தலை தனியாக நடந்து போகிறது.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் (செயலைச் செய்பவரின்) வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. 'நடந்து வந்தான்' என்றால் நடந்தவரே வந்தவராகவும் இருக்க வேண்டும். 'செய', 'செயின்' போன்ற வாய்பாடுகளுக்கு அந்தக் கட்டு இல்லை. 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்றால் பெய்தது மழை, நிறைந்தது குளம், அதில் தவறில்லை. 'ஞாயிறு பட்டு வந்தான்' என்ற பழைய எடுத்துக்காட்டை உரைகளில் பார்க்கலாம். பட்டது, அதாவது மறைந்தது, ஞாயிறு; வந்தது அவன். 'பட்டு' என்பதை 'பட' என்று கொள்ள வேண்டும், சொல் திரிந்தாலும் பொருள் திரியவில்லை என்று அதை ஏற்பதற்குக் காரணம் சொன்னார்கள். ஆங்கிலக்காரர்கள் டேங்ளிங் என்று பெயர் வைத்த சிக்கலை நம் ஆசிரியர்கள் எச்சத்தின் வாய்பாட்டை மாற்றிப் படித்துத் தீர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு நான் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்கு வருகிறேன். விதி புதிதல்ல என்று தெரிந்ததும் முகம் தெளிகிறது.

இப்போது வழிகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதுரைக்கு வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி, பயிற்சி வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவள் கடிதத்தின் இரண்டாவது வரி: "ஹேவிங் ஸ்டடீட் இன் தமிழ் மீடியம், இங்கிலீஷ் வாஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ." தமிழ் வழியில் படித்தது அவள். வாக்கியத்தின்படி படித்தது 'இங்கிலீஷ்'. இந்த ஒரு வாக்கியத்தை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவள் முதலில் செய்தது நகர்த்தல். "இங்கிலீஷ் வாஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ, ஹேவிங் ஸ்டடீட் இன் தமிழ் மீடியம்." படிப்பதற்குக் கொஞ்சம் தெளிவாகிவிட்டது, ஏனென்றால் எச்சத்தொடர் 'மீ'க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் எழுவாய் இன்னும் 'இங்கிலீஷ்'தான். கட்டு அவிழ்ந்தபடியேதான் இருக்கிறது. "பாதி வேலைதான் ஆகியிருக்கிறதம்மா" என்றேன்.

அடுத்த வழி, எழுவாயை மாற்றுவது. "ஹேவிங் ஸ்டடீட் இன் தமிழ் மீடியம், ஐ ஃபவுண்ட் இங்கிலீஷ் டிஃபிகல்ட்." பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் காட்டும். சுருக்கமானது, இறுக்கமானது. 1918-இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் தன் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு நூலில், வாக்கியத் தொடக்கத்தில் வரும் எச்சத்தொடர் எழுவாயையே சுட்ட வேண்டும் என்று ஒரு தனி விதியே வைத்தார். அந்த விதிக்கு நேராகப் பணிவது இந்தத் திருத்தம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எழுவாயை மாற்றினால் வினையும் மாற வேண்டும். 'வாஸ் டிஃபிகல்ட்' போய் 'ஃபவுண்ட்' வர வேண்டும். அந்த வினை கைவசம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? 'இங்கிலீஷ்' இருந்த இடத்தில் 'ஐ' என்று மட்டும் போட்டு, "ஐ வாஸ் டிஃபிகல்ட் இன் இங்கிலீஷ்" என்று எழுதும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பிழையைத் திருத்தப் போய் அதைவிடப் பெரிய பிழை: நான் கையாளக் கடினமானவன் என்று வேலை கொடுப்பவரிடமே சொல்வது போல ஆகிவிடுகிறது. ஆகவே வினைச்சொல் வளம் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழியை நான் முதலில் சொல்வேன்.

மூன்றாவது, எச்சத்தை முழு வாக்கியமாக விரிப்பது. "பிகாஸ் ஐ ஸ்டடீட் இன் தமிழ் மீடியம், இங்கிலீஷ் வாஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ." பின்பாதியைத் தொடவே வேண்டாம். முன்பாதிக்கு ஓர் எழுவாயையும் ஒரு முற்றுவினையையும் கொடுத்துவிட்டால் அது தன் காலில் நின்றுகொள்ளும், எதிரே யார் வந்தாலும் கவலையில்லை. 'பெய்து' என்பதைப் 'பெய்ததால்' ஆக்குகிற அதே வேலை. தமிழ்க் காதுக்கு மிகவும் இணக்கமான திருத்தம் இதுதான்.

இதில் நான் இன்னும் அதிகமாக மதிக்கும் நன்மை வேறு. 'ஹேவிங் ஸ்டடீட்' என்பது உறவை மறைத்துவைக்கிறது. படித்ததாலா, படித்த பிறகா, படித்திருந்தும்கூடவா? விரித்து எழுதும்போது எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 'பிகாஸ்' போட்டால் காரணம். 'ஆஃப்டர்' போட்டால் காலம். 'ஆல்தோ' போட்டால் வாக்கியமே வேறு திசைக்குப் போகிறது: "ஆல்தோ ஐ ஸ்டடீட் இன் தமிழ் மீடியம், ஐ ரெட் இங்கிலீஷ் நியூஸ்பேப்பர்ஸ் எவ்ரி டே." அந்தப் பெண்ணிடம் "உனக்கு எது உண்மை?" என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறை இல்லாமல் இல்லை. வாக்கியம் நீளும். நான்கு வரி தொடர்ந்து 'பிகாஸ்', 'ஆஸ்', 'வென்' என்று தொடங்கினால் கடிதம் சலிப்புத் தட்டும். ஆனால் தவறாகப் பொருள்படும் கடிதத்தைவிடச் சலிப்புத் தட்டும் கடிதம் எவ்வளவோ மேல்.

நான்காவது வழி உடைப்பது. "ஐ ஸ்டடீட் இன் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வாஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ அட் ஃபர்ஸ்ட்." இரண்டு வாக்கியம், இரண்டு எழுவாய், தொங்குவதற்கு எதுவும் இல்லை. நீள வாக்கியம்தான் நல்ல ஆங்கிலம் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருப்பதால், பிள்ளைகள் இதைத் தோற்றுப்போனதாக நினைக்கிறார்கள். அது தவறு. முற்றுப்புள்ளி இலக்கணத்தின் மிக நேர்மையான குறி. உடைத்த வாக்கியத்தில் எழுதுபவர் ஒளிந்துகொள்ள முடியாது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. எச்சத்தையே பெயராக்கி எழுவாய் நாற்காலியில் உட்காரவைப்பது. "ஸ்டடியிங் இன் தமிழ் மீடியம் மேட் இங்கிலீஷ் டிஃபிகல்ட் ஃபார் மீ." இலக்கணம் சரி, சுருக்கமும் சரி. ஆனால் இந்த வாக்கியத்தை எழுத நான் விடவில்லை. இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தமிழ் வழிக் கல்வி. அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை நன்றாகப் படித்து, நல்ல ஆசிரியர்களிடம் கற்று, மதிப்பெண் வாங்கித்தான் மதுரைக்கு வந்திருக்கிறாள். தன் பள்ளியைக் குற்றம் சாட்டுவது அவள் எண்ணம் இல்லை. எழுவாய் இடத்தில் யாரை வைக்கிறோமோ அவர்தான் வாக்கியத்தின் செயலுக்குப் பொறுப்பு. திருத்தும்போது அந்தப் பொறுப்பை நாம் இடம் மாற்றிவைக்கிறோம். வழிகளைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: இந்த வாக்கியம் யாரைப் பற்றியது, அவர் எழுவாயில் இருக்கிறாரா?

லாரி வாக்கியத்துக்குத் திரும்புகிறேன். அதில் அடை தொங்கவில்லை, இடம்தான் மாறியிருந்தது. நகர்த்தினாலே போதும்: "ஐ சா தி லாரி கமிங் ஃபாஸ்ட் ஃப்ரம் மாட்டுத்தாவணி." நண்பருக்கு எழுதும் கடிதமாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். இன்சூரன்ஸ் படிவத்தை வாசிப்பவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தனித் தகவலாக எடுத்து வைப்பார். யார் எந்தப் பக்கமிருந்து வந்தார், என்ன வேகம், எங்கே மோதியது என்று கேள்வி கேள்வியாகப் பார்ப்பார். அதனால் உடைத்தோம். "ஐ வாஸ் டிரைவிங் ஸ்லோலி இன் மை லேன். தி லாரி கேம் ஃபாஸ்ட் ஃப்ரம் மாட்டுத்தாவணி. இட் ஹிட் தி ரைட் சைட் ஆஃப் மை வெஹிக்கிள்." மூன்று வாக்கியத்திலும் செய்தது யார் என்பதில் ஐயம் இல்லை. அண்ணனுக்கு அதைத் தமிழில் சொன்னபோது, "நடந்தது அப்படியேதான் இருக்கிறது டீச்சர்" என்றார். விபத்து, மருத்துவம், காவல் நிலையம், நீதிமன்றம் தொடர்பான எந்தத் தாளிலும் நான் உடைப்பதைத்தான் சொல்வேன். அழகு அங்கே இரண்டாம் பட்சம்கூட இல்லை.

புகார்க் கடிதமும் அப்படித்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு நானே எழுதிய வரி இன்னும் நினைவில் இருக்கிறது: "ஆஃப்டர் வெயிட்டிங் ஃபார் த்ரீ ஹவர்ஸ், தி ஆஃபீசர் டோல்ட் மீ டு கம் டுமாரோ." மூன்று மணி நேரம் காத்திருந்தது நான். வாக்கியத்தில் காத்திருந்தவர் அதிகாரி. என் மனக்குறையின் உயிர்நாடியே அந்த மூன்று மணி நேரம்தான், அதை நானே அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். "ஐ வெயிட்டட் ஃபார் த்ரீ ஹவர்ஸ்" என்று தொடங்கியிருக்க வேண்டும்.

விழாவையும் ஊரையும் எழுதும்போது கணக்கு வேறு. சித்திரைத் திருவிழாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் ஒருவராவது இப்படி எழுதிவிடுவார்: "வேரிங் கிரீன் சில்க், லேக்ஸ் ஆஃப் பீப்பிள் சா கள்ளழகர் என்டரிங் தி வைகை." பச்சைப் பட்டு உடுத்தியது மக்கள் என்று ஆகிவிடுகிறது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி இறங்குகிறார் என்பதை வைத்து அந்த ஆண்டின் செழிப்பைக் கணிக்கும் ஊர் இது. பச்சை என்றால் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று கரையில் நிற்கும் பாட்டிமார் கண்ணில் நீர் வரக் கும்பிடுவார்கள். அந்தப் பட்டு தவறிப்போய் வேறு யார் மேலேயும் விழக் கூடாது. இங்கே உடைத்தால் காட்சி சிதைகிறது. "கள்ளழகர் வோர் கிரீன் சில்க். ஹி என்டர்ட் தி வைகை. லேக்ஸ் ஆஃப் பீப்பிள் சா ஹிம்" என்று படித்துப் பாருங்கள், படிவம் நிரப்பியது போல இருக்கிறது. 'பிகாஸ்', 'வென்' எதுவும் பொருந்தாது. நகர்த்தலாம்: "லேக்ஸ் ஆஃப் பீப்பிள் சா கள்ளழகர், வேரிங் கிரீன் சில்க், என்டர் தி வைகை." தவறில்லை, ஆனால் வாக்கியம் கரையில் நிற்கும் மக்களிடமிருந்து தொடங்குகிறது. எழுவாயை மாற்றினால்தான் மனம் நிறைகிறது: "வேரிங் கிரீன் சில்க், கள்ளழகர் என்டர்ட் தி வைகை பிஃபோர் லேக்ஸ் ஆஃப் பீப்பிள்." பட்டு முன்னால் வருகிறது, அதை உடுத்தியவர் அடுத்து வருகிறார், ஆறு அதற்குப் பின், கூட்டம் கடைசியில். ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வரிசை ஏன் சரி என்று தெரியும்.

"பில்ட் இன் 1636, டூரிஸ்ட்ஸ் என்ஜாய் தி நாயக்கர் மகால்" என்பதும் இதே வகைதான். 1636-இல் கட்டப்பட்டது மகால். கட்டுரை மகாலைப் பற்றியதானால் மகாலை எழுவாயாக்குங்கள். பயணிகளைப் பற்றியதானால் 'பில்ட் இன் 1636' என்பதைக் கடைசிக்குக் கொண்டுபோய் மகாலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஆய்வேடுகளில்தான் பெரிய சங்கடம். ஆய்வேட்டில் 'ஐ' வரவே கூடாது என்று வழிகாட்டிகள் பலர் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். செய்தவர் வாக்கியத்தில் தோன்றவே முடியாது என்றால் எச்சம் யாரைப் பிடித்துக்கொள்ளும்? தாவரவியல் மாணவர் ஒருவரின் தாளில் இருந்த வரி: "ஆஃப்டர் பீயிங் டிரைட் இன் தி ஷேட் ஃபார் டென் டேஸ், தி ரிசர்ச்சர் பவுடர்ட் தி லீவ்ஸ்." நிழலில் பத்து நாள் உலர்த்தப்பட்டது இலை. வாக்கியத்தில் உலர்ந்தவர் ஆய்வாளர். இங்கே செயப்பாட்டு வினை நமக்குத் துணைக்கு வருகிறது: "ஆஃப்டர் பீயிங் டிரைட் இன் தி ஷேட் ஃபார் டென் டேஸ், தி லீவ்ஸ் வேர் பவுடர்ட்." உலர்ந்ததும் இலை, பொடியானதும் இலை. ஆய்வேட்டின் அந்தப் பகுதியே இலையைப் பற்றியது என்பதால் எழுவாயில் இலை இருப்பது எல்லா விதத்திலும் சரி.

அதே செயப்பாட்டு வினை அடுத்த பக்கத்தில் நோயாக மாறிவிடும். "யூசிங் எ கொஸ்டினேர், தி டேட்டா வேர் கலெக்டட்." வினாப்பட்டியலைப் பயன்படுத்தியது தரவுகள் அல்ல. அறிவியல் எழுத்தில் இந்த 'யூசிங்' இவ்வளவு பரவிவிட்டதால் பல இதழ்கள் இதைக் கண்டுகொள்வதில்லை, வாசகரும் குழம்புவதில்லை. இதை விட்டுவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் மிக எளிய திருத்தம் கையில் இருக்கும்போது ஏன் விட வேண்டும்? எச்சத்தைத் தூக்கிவிட்டு 'த்ரூ' போன்ற ஒரு முன்னிடைச் சொல்லை (ப்ரிபொசிஷன்) போட்டால் போதும்: "தி டேட்டா வேர் கலெக்டட் த்ரூ எ கொஸ்டினேர்." முன்னிடைச் சொல்லுக்கு வினைமுதல் தேவையில்லை, ஆகவே தொங்குவதற்கு எதுவும் இல்லை. வழிகாட்டியின் கட்டளையும் மீறப்படவில்லை. அல்லது ஆய்வையே எழுவாயாக்கலாம்: "தி ஸ்டடி யூஸ்ட் எ கொஸ்டினேர்." ஆய்வேடு எழுதுபவர்களுக்கு என் பரிந்துரை இந்த இரண்டில் ஒன்று. 'தி ரிசர்ச்சர்' என்று பக்கத்துக்குப் பத்து முறை தன்னையே மூன்றாம் மனிதராக்கி எழுதுவதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறேன். பிழையில் பாதி அந்தச் சொல்லைத் திணிக்கும்போதுதான் பிறக்கிறது.

எல்லாத் தொங்கலும் பிழை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்', 'கன்சர்னிங்', 'ஜெனரலி ஸ்பீக்கிங்' போன்றவை எச்ச வடிவில் இருந்தாலும் எழுவாயைத் தேடுவதில்லை. 1926-இல் வெளிவந்த ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதியே, சில எச்சங்கள் நாளடைவில் பெயரோடு உள்ள கட்டை அவிழ்த்துக்கொண்டு முன்னிடைச் சொற்களாக மாறிவருவதைக் குறிப்பிடுகிறது. "கன்சிடரிங் தி ஹீட், தி கிரௌட் வாஸ் பிக்" என்பதை யாரும் திருத்த வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் வரும் அரசனின் ஆவிகூட, தோட்டத்தில் தூங்கும்போது தன்னைப் பாம்பு கடித்ததாக ஊரை நம்பவைத்திருக்கிறார்கள் என்று சொல்லும் இடத்தில், 'ஸ்லீப்பிங்' என்ற எச்சத்துக்கு எதிரே எழுவாயாக நிற்பது பாம்புதான். தூங்கியது யார் என்பதில் மேடையின் முன் இருப்பவருக்குக் குழப்பம் வராது, நடிகர் எதிரில் நின்று பேசுகிறார். படிவத்தை வாசிப்பவர் முன்னால் நாம் நின்றுகொண்டிருக்க மாட்டோம்.

நம் ஊர் விடுப்புக் கடிதங்களில் மாறாமல் வரும் 'பீயிங்' இந்தச் சலுகைக்குள் வராது. "பீயிங் எ ஹாலிடே, தி ஆஃபீஸ் வாஸ் குளோஸ்ட்" என்பதில் விடுமுறையாக இருந்தது அலுவலகம் அல்ல. 'இட் பீயிங் எ ஹாலிடே' என்று அதற்கே ஓர் எழுவாய் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் அது பழைய கோட்டு போட்டதுபோல விறைப்பாக இருக்கும். "ஆஸ் இட் வாஸ் எ ஹாலிடே" என்பதே போதும்.

'ஒன்லி' என்ற சொல்லுக்கு வழிகளை ஒப்பிடவே வேண்டியதில்லை, நகர்த்தல் ஒன்றுதான். தமிழில் 'தான்', 'மட்டும்' இரண்டும் தமக்குரிய சொல்லின் வாலில் ஒட்டும்: 500 ரூபாய்தான், நான் மட்டும். ஆங்கிலத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் தலையில் ஒட்டும். "ஒன்லி ஐ பெய்ட் 500 ருபீஸ்" என்றால் கொடுத்தது நான் ஒருவன். "ஐ பெய்ட் ஒன்லி 500 ருபீஸ்" என்றால் கொடுத்தது அவ்வளவுதான். காசோலையில் தொகைக்குப் பின்னால் 'ஒன்லி' எழுதிப் பழகிய கை, மற்ற இடங்களிலும் பின்னாலேயே போடுகிறது.

இரண்டு பக்கமும் பார்க்கும் அடை ஒன்று உண்டு. "ஸ்டூடன்ட்ஸ் ஹூ பிராக்டிஸ் ஆஃபன் ரைட் வெல்" என்பதில் 'ஆஃபன்' என்பது பயிற்சியோடு சேருமா, நன்றாக எழுதுவதோடு சேருமா? 'பெரிய வீட்டுக் கதவு' என்பதில் பெரியது வீடா, கதவா என்று நமக்கும் இதே ஐயம் உண்டு. எது வேண்டுமோ அந்தப் பக்கமாகத் தள்ளிவிடுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் அவர்களுக்கு ஒரு சொல். அங்கே தேர்வு உங்கள் கையில் இல்லை. வாக்கியத்தின் முன்பாதி மாறாமல் நின்று பின்பாதிக்குக் கோடு போட்டிருந்தால், எழுவாய் மாறிய விடையைத் தேடுங்கள். முன்பாதிக்குக் கோடு போட்டிருந்தால், எச்சம் விரிந்து தனக்கென்று ஓர் எழுவாயோடு நிற்கும் விடையைத் தேடுங்கள். மற்றதையெல்லாம் தேர்வு முடிந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

உசிலம்பட்டிப் பெண்ணின் கடிதத்துக்கு நான் மனத்தில் வைத்திருந்தது மூன்றாவது வழி. 'பிகாஸ்' போட்ட வாக்கியத்தைச் சுத்தமாக எழுதி அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைப் படித்துவிட்டு, "மிஸ், இது எல்லாமே சரிதான். ஆனால் இந்த வரி என்னைப் பற்றித்தானே இருக்க வேண்டும் என்றீர்கள், எல்லாவற்றிலும் இங்கிலீஷைப் பற்றிய பேச்சுதான் வருகிறது" என்றாள். பேனாவை எடுத்து இரண்டு பாதியையும் அடித்துவிட்டு, கீழே எழுதினாள். "ஐ ஸ்டடீட் இன் தமிழ் மீடியம் அண்டில் ட்வெல்த். இன் காலேஜ், ஐ லேர்ண்ட் டு ரைட் மை லேப் ரிப்போர்ட்ஸ் இன் இங்கிலீஷ், அண்ட் ஐ ரோட் திஸ் லெட்டர் மைசெல்ஃப்."

மூன்று 'ஐ'. நான் ஒன்றையும் எடுக்கவில்லை.